‘பிளேட் ரன்னர்’: எந்த வடிவத்தில் தொடங்குவது, திரையில் அசையும் புள்ளிகளை என்ன செய்வது?

கேள்வி: 1982-இல் வந்த ஹாலிவுட் அறிவியல் புனைகதைப் படமான ‘பிளேட் ரன்னர்’-ஐ இதுவரை பார்த்ததில்லை. நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் 1992-இல் வந்த டைரக்டர்ஸ் கட்தான் அசல் என்கிறார். இன்னொருவர் 2007-இல் வந்த ஃபைனல் கட்டைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார். கதாநாயகனின் குரல் ஓடும் பழைய படமே போதும் என்பவரும் உண்டு. மீட்டெடுத்த 4கே டிஸ்க் ஒன்றை வாங்கிப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக அசைகிறது. டிஸ்க் பழுதா? நான் எதைப் பார்ப்பது?

பதில்: ஃபைனல் கட்டில் தொடங்குங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டிஸ்க்கில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் புள்ளிகள் அங்கே இருக்க வேண்டியவைதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் நண்பர்களின் சண்டை. இரண்டு வேறு வேறு வேலைகளை ஒன்றாக்கிப் பேசுவதால்தான் இது முடியாமல் நீள்கிறது. எந்தக் காட்சி இருக்கும், எது போகும், படம் எங்கே முடியும் என்பது படத்தொகுப்பு. அது டைரக்டர் நினைத்தபடி அமைந்தால் டைரக்டர்ஸ் கட். ரெஸ்டோரேஷன் என்பது வேறு. கிடைத்ததில் நல்ல நெகட்டிவை, அதாவது கேமராவில் ஓடிய மூல ஃபிலிமை, தேடி எடுத்து, சுத்தம் செய்து, ஸ்கேன் போட்டு, கீறலையும் தூசியையும் நீக்கி, நிறத்தைச் சரிசெய்வது அது. ஸ்டூடியோ வெட்டிய படத்தையும் அருமையாக மீட்கலாம். டைரக்டர் பார்த்துப் பார்த்து வெட்டியதை மட்டமான பிரதியிலிருந்து எடுத்து விற்கவும் செய்யலாம். அதனால் அட்டையைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இது யார் வெட்டியது? எதிலிருந்து ஸ்கேன் செய்தது?

இந்தப் படத்தின் கதையே அந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். 1982-இல் வெளியீட்டுக்கு முன்பு முழுமையடையாத ஒரு வடிவத்தைப் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒர்க்பிரின்ட் என்பது அதுதான். பலருக்குப் புரியவில்லை. உடனே டெக்கார்ட் என்ற கதாநாயகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரலைச் சேர்த்து, கடைசியில் ஒரு நிம்மதியான முடிவையும் ஒட்டினார்கள். அந்த முடிவில் வரும் மலைக்காட்சிகளில் சில, டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக் தன் ‘தி ஷைனிங்’ படத்துக்காக வானிலிருந்து எடுத்து, பயன்படுத்தாமல் விட்டவை. இரண்டு மணி நேரம் மழையும் இருட்டுமாகப் போன படம் திடீரென்று பகல் வெளிச்சத்தில் காட்டுக்கு மேலே பறப்பதற்குக் காரணம் இதுதான். அதே ஆண்டு வெளிநாடுகளுக்குப் போன பிரதியில் வன்முறை சில நொடிகள் கூடுதல்.

1990-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டர் ஒன்றில், வழக்கமான 70 மி.மீ. பிரதி என்று நினைத்து அந்த ஒர்க்பிரின்ட்டை ஓட்டிவிட்டார்கள். கடைசியில் ஓர் இடம் தவிரக் குரலும் இல்லை, மலையும் இல்லை. ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வர, ஸ்டூடியோ விழித்துக்கொண்டது. ஆனால் படத்தின் டைரக்டர் ரிட்லி ஸ்காட் அது தன் முடிந்த படம் இல்லை என்றார். அதிலிருந்து வந்ததுதான் 1992 டைரக்டர்ஸ் கட். குரலை எடுத்தார்கள், முடிவை மாற்றினார்கள், ஒற்றைக்கொம்புக் குதிரை ஓடும் ஒரு கனவைச் சேர்த்தார்கள். சில நொடிகள்தான் அந்தக் கனவு; ஆனால் படத்தின் கடைசி நிமிடத்துக்கு அதனால் வேறொரு அர்த்தம் வந்துவிடுகிறது. என்ன அர்த்தம் என்று சொல்ல மாட்டேன், நீங்களே பார்க்க வேண்டும். அந்த வேலை ஸ்காட்டின் குறிப்புகளை வைத்து அவசரமாக நடந்தது. பெயரில் டைரக்டர் இருந்தாலும் அவர் முழுதாக உட்கார்ந்து செய்தது 2007-இல் வந்த ஃபைனல் கட்தான். 35 மி.மீ. நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் செய்தார்கள். பறக்கும் கார், நகரத்தின் கோபுரங்கள் போன்ற சிறப்புக் காட்சிகள் 65 மி.மீ. ஃபிலிமில் எடுத்தவை, அவற்றை 8கே-யில். டிஸ்க்கில் அந்தக் காட்சிகள் மற்றவற்றைவிடத் துல்லியமாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபைனல் கட்டில் நடந்தது மீட்டெடுப்பு மட்டும் இல்லை. ஒரு பெண் கடைக் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வடிவங்களில் அங்கே ஓடுவது சண்டைக் கலைஞர் என்பது விக்கைப் பார்த்தாலே தெரியும். 2007-க்காக நடிகை ஜோஆனா கேசிடியைத் திரும்ப அழைத்து, அவர் முகத்தைப் படம்பிடித்து, அந்த உடல் மேல் பொருத்தினார்கள். நடுவில் 25 ஆண்டுகள்! பாம்பு விற்பவரிடம் டெக்கார்ட் பேசும் இடத்தில் வாயசைவு வசனத்தோடு ஒட்டாமல் இருந்தது. அதற்கு ஃபோர்டின் மகன் வாயைப் படம்பிடித்துச் சேர்த்தார்கள். பறக்கும் கார் தொங்கும் கம்பிகளையும் அழித்தார்கள்.

கம்பியை அழிப்பது சரியா என்று என்னைக் கேட்டால், கீறல் காலம் போட்டது, கம்பி படக்குழு போட்டது. முதலாவதை நீக்குவது மீட்டெடுப்பு, இரண்டாவதை நீக்குவது திருத்தம். அன்று தியேட்டரில் ஓடிய பிரின்ட், நெகட்டிவிலிருந்து பிரதிக்குப் பிரதி இறங்கி வந்தது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூர்மை குறைந்ததால் அந்தக் கம்பி அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. நெகட்டிவையே ஸ்கேன் செய்யும்போது அது பளிச்சென்று வந்து நிற்கும். ஆகவே இந்தத் திருத்தத்தை நான் ஏற்கிறேன். அதைவிட முக்கியம், 2007-இல் வந்த பெட்டியில் ஒர்க்பிரின்ட் உட்பட ஐந்து வடிவங்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். பழையதை மறைக்காதவரை புதியதைத் திருத்தலாம் என்பது என் கருத்து.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஜெர்மன் டைரக்டர் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’. 1927-இல் வந்த படம். அன்றே வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். தொலைந்தது தொலைந்ததுதான் என்று இருந்தபோது, 2008-இல் புவெனோஸ் ஐரெஸ் நகரின் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மி.மீ. பிரதி ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய 25 நிமிடக் காட்சிகள் திரும்பின. ஆனால் அடிபட்ட ஒரு பிரதியைப் பார்த்து எடுத்த பிரதி என்பதால், கீறல்கள் படத்தோடு படமாகப் பதிந்துபோயிருந்தன. 2010 வடிவத்தில் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் திரையில் கோடு கோடாக மழை பெய்யும், ஓரத்தில் கறுப்புப் பட்டையும் தெரியும். முடிந்தவரை துடைத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டார்கள். எது திரும்பி வந்த காட்சி என்று பார்ப்பவருக்கே தெரிந்துவிடுகிறது. அந்த வேலை மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

டைரக்டர்ஸ் கட் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள் என்பதற்கும் ஓர் உதாரணம். இதே ஸ்காட் எடுத்த ‘ஏலியன்’ படத்தின் 2003 டைரக்டர்ஸ் கட், 1979-இல் வெளியான படத்தைவிடச் சுமார் ஒரு நிமிடம் குறைவு. தனக்குத் திருப்தியானது 1979 வடிவமே என்று ஸ்காட்டே சொல்லியிருக்கிறார்.

சரி, கையில் இருப்பது எந்த ‘பிளேட் ரன்னர்’ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீளத்தை வைத்து முடியாது, எல்லாமே இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவுதான். டெக்கார்ட் தெருவில் செய்தித்தாளோடு காத்திருக்கும் முதல் காட்சியைப் பாருங்கள். அங்கே அவர் குரல் உங்களிடம் பேசத் தொடங்கினால் அது 1982 வடிவம். குரல் இல்லையென்றால், இறுதியில் ஒரு புறா பறக்கும் இடத்தைப் பாருங்கள். சுற்றிலும் இரவு மழையாக இருக்க, புறா மட்டும் வெளுத்த பகல் வானத்தில் பறந்தால் 1992. இருண்ட வானம் என்றால் 2007.

ஃபைனல் கட்டைப் பார்த்து ஒரு மாதம் கழித்து, குரலோடு இருக்கும் 1982 வடிவத்தைப் பாருங்கள். அன்று தியேட்டரில் உட்கார்ந்தவர்கள் கண்டது அதைத்தான். 1992-ஐ விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. ஒர்க்பிரின்ட், படம் பிடித்துப்போனவர்களுக்கு மட்டும்.

இப்போது புள்ளிகள். ஃபிலிமில் படம் பதிவதே நுண்ணிய வெள்ளி உப்புத் துகள்களில்தான். ஒவ்வொரு பிரேமிலும் அவை வேறு வேறு இடத்தில் இருப்பதால், ஓடும்போது மெல்ல அசைவதுபோல் தெரியும். கிரெய்ன் என்பது இதுதான். முகத்தின் ரோமமும் சட்டையின் இழையும் அந்தத் துகள்களால் ஆனவை. மென்பொருளால் அவற்றைத் துடைத்தால் இவையும் சேர்ந்து போய், நடிகரின் கன்னம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். அப்படித் துடைத்த டிஸ்க்கைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் உங்கள் டிவி அந்தத் துகள்களை மிகைப்படுத்திக் காட்டவும் கூடும். ஷார்ப்னெஸ் அளவை நன்றாகக் குறைத்துவிடுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணையுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே பெரும்பாலும் போதும்.

நிறத்தைப் பற்றியும் நண்பர்கள் பேசுவார்கள். பழைய டிவிடியைவிடப் பச்சையும் நீலமும் தூக்கலாக இருக்கிறது என்பார்கள். அது உண்மைதான். ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனன்வெத் 1996-லேயே காலமாகிவிட்டார். 2007-இல் பக்கத்தில் நின்று பார்க்க அவர் இல்லை. அதற்காகப் பழைய டிவிடியைச் சாட்சிக்கு இழுக்க முடியாது, அதன் நிறமும் யாரோ ஒருவர் அன்றைய கருவியில் முடிவு செய்ததுதான்.

கடைசியாக ஒரு சோதனை. படத் தொடக்கத்தில் இருண்ட நகரத்தின் மேல் நெருப்பு கக்கும் காட்சி வரும். விளக்கை அணைத்துவிட்டு, வானத்தின் கறுப்பை உற்றுப் பாருங்கள். பொடி மணல்போல் மெல்ல அசைந்தால் அது ஃபிலிம், அப்படியே தொடர்ந்து பாருங்கள். சதுரம் சதுரமாகத் திட்டுகள் உறைந்து நின்றால் அது கிரெய்ன் இல்லை, படத்தின் தரவை அளவுக்கு மீறிச் சுருக்கியதால் வரும் சிதைவு. ஸ்ட்ரீமிங்கில் இது அடிக்கடி வரும். டிஸ்க்கிலும் அப்படித் தெரிந்தால் மாற்றித் தரக் கேளுங்கள்.