பக்கத்து இருக்கையில் இருமுகிறவர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பல்லாவரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை தினமும் மின்சார ரயிலில் வேலைக்குச் செல்கிறேன். என் கணவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. உடல் அதை நிராகரிக்காமல் இருப்பதற்காக நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை அவர் தொடர்ந்து உட்கொள்கிறார். அதனால் சாதாரணச் சளியைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இன்றும் முகக்கவசம் அணிந்தே பயணம் செய்கிறேன்; மகளிர் பெட்டியில் என்னைத் தவிர அணிந்திருப்பவர் ஒருவரோ இருவரோதான். கொரோனாவில் இத்தனை பேரைப் பறிகொடுத்த பிறகும் இப்படி இருக்கிறார்களே என்று நினைக்கும்போது, ‘படிப்பறிவில்லாதவர்கள், சுயநலக்காரர்கள்’ என்றே மனத்தில் தோன்றுகிறது. சென்ற வாரம் வாயை மூடாமல் இருமிய ஒரு பெண்ணிடம் கடுமையாகவே பேசிவிட்டேன். இப்படிப் பிறரை எடைபோடுவது தவறா?
– வாசகி, பல்லாவரம்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு பேர் ஒருவராகக் கலந்துவிட்டார்கள். ஒருவர் முகக்கவசம் அணியாமல் அமர்ந்திருப்பவர். மற்றவர் வாயை மூடாமல் இருமுகிறவர். முதலாமவரை எடைபோட உங்களிடம் இன்று எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாமவரிடம் கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமை கொரோனாவுக்கு முன்பும் இருந்தது.

முகக்கவசம் அணியாதது குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2020 செப்டம்பரில் தமிழக அரசு 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருத்தம் செய்து, பொது இடத்தில் கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய் அபராதம் என்றது. 2021 ஏப்ரலில் ரயில்வே வாரியம், ரயிலிலும் நிலையங்களிலும் அணியாதவருக்கு 500 ரூபாய் வரை விதிக்கலாம் என ஆணையிட்டது. 2022 ஜனவரியில் மாநில அபராதமும் 500 ஆயிற்று; ஏப்ரல் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் விலக்கப்பட்டன; சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் தொற்று பரவியதும் அதே மாதத்தில் அபராதம் மீண்டும் வந்தது. அந்த நாட்களில் பக்கத்தில் இருப்பவரிடம் ‘கவசத்தைப் போடுங்கள்’ என்று சொன்னவர், தன் விருப்பத்தை அவர்மீது திணிக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு விதியை நினைவூட்டினார். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலையை முடித்துக்கொண்டது. இன்று உங்கள் பெட்டியில் இருப்பவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. உங்கள் கணவரின் உடல்நிலை அவர்களுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தெரியாத ஒன்றைப் பொருட்படுத்தவில்லை என்பதற்காக ஒருவரைச் சுயநலக்காரர் என்று சொல்ல முடியுமா?

‘படிப்பறிவில்லாதவர்கள்’ என்ற சொல்லைப் பற்றியும் சற்று விரிவாகப் பேச வேண்டும். 2020-இன் தொடக்கத்தில், நலமாக இருக்கும் பொதுமக்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லிக்கொண்டிருந்தது. விலகி நிற்க இயலாத இடங்களில், குறிப்பாகப் பேருந்து, ரயில் போன்றவற்றில், துணிக் கவசமாவது அணியுங்கள் என்று அது அறிவுரையை மாற்றியது அதே ஆண்டு ஜூன் 5 அன்று. அறிவியல் அப்படித்தான் நடக்கும். புதிய சான்று வந்தால் பழைய சொல்லைத் திருத்திக்கொள்ளும். ஆனால், நிபுணர்களே சில மாதங்களுக்குள் மாற்றிச் சொன்ன ஒரு விஷயத்தில், காலை ஐந்து மணிக்குக் கோயம்பேட்டில் மூட்டை இறக்கிவிட்டு வருகிற ஒருவர் குழம்பினால் அதற்குப் படிப்பறிவின்மை என்று பெயர் வைப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் ஒரு மாநகரப் பேருந்தில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த பூக்கார அம்மாள் ஒருவரிடம், ‘ஒரு மாஸ்க் வாங்கிப் போடக் கூடாதா?’ என்று எரிந்து விழுந்தேன். என் மறுபக்கத்தில், விலை உயர்ந்த என்95 கவசத்தோடு ஒரு கனவான் அமர்ந்திருந்தார். அவரைப் பார்த்து எனக்கு மரியாதைதான் வந்தது. அந்தக் கவசத்தின் முன்புறம் வட்டமாக ஒரு வால்வு இருந்ததை அப்போது கவனித்தும் பொருள் விளங்கவில்லை. அந்த வால்வு, அணிந்திருப்பவர் வெளிவிடும் மூச்சை வடிகட்டாமல் நேரே வெளியே அனுப்புவது. அத்தகைய கவசங்கள் தொற்று பரவுவதைத் தடுக்காது என்று மத்திய சுகாதார இயக்ககம் 2020 ஜூலையிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. ஆக, அந்த அம்மாளின் நாலு மடிப்பு முந்தானையாவது அவருடைய மூச்சிலிருந்து தெறிப்பதைக் கொஞ்சம் தடுத்தது. கனவானின் கவசம் அவரை மட்டுமே காத்தது. நான் திட்டியது யாரை, மதித்தது யாரை என்று எண்ணினால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே உங்களை ஒன்று கேட்கிறேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம். இதுவரை நீங்கள் வாய்விட்டுக் கண்டித்தவர்கள் யார் யார்? மடிக்கணினிப் பையும் அலுவலக அடையாள அட்டையுமாக நிற்கும் பெண்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் வருவார்கள்? மூக்குக்குக் கீழே இறக்கிவிட்ட கவசத்தோடு கைபேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தவர்களை நாம் யாரும் அதிகம் கண்டித்ததில்லை. நம் கோபம் பெரும்பாலும் திருப்பிப் பேசத் துணியாதவர்களையே தேடிப் போகிறது. அந்த எடைபோடுதலில் நோயைப் பற்றிய அச்சம் பாதி என்றால், சாதியும் உடையும் பேச்சு வழக்கும் மீதிப் பாதி.

இனி உங்கள் கணவரின் பாதுகாப்பு. சாதாரண அறுவைக் கவசம் (‘சர்ஜிக்கல் மாஸ்க்’) முக்கியமாக அணிந்திருப்பவரிடமிருந்து பிறரைக் காக்கிறது. எல்லோரும் அணிந்தால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும். உங்கள் பெட்டியில் எல்லோரும் அணியப் போவதில்லை என்பது தெரிந்த பிறகு, மூக்கின் மேலும் கன்னத்தின் ஓரத்திலும் இடைவெளி இல்லாமல் பொருந்துகிற, வால்வு இல்லாத என்95 கவசமே உங்களுக்கு ஏற்றது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் நுண்துளிகள் நீர்த்துப் போகின்றன. 2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டுத் தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் வந்தது. வெயிலுக்கு இதமானதுதான், ஆனால் ஜன்னலைத் திறக்க முடியாது என்பதால், நெரிசல் நேரத்தில் உங்களுக்குப் பழைய ரயிலே மேல். எதிரில் இருப்பவர் இருமும்போது பேசத்தான் வேண்டும். ஆனால் ‘மூளை இல்லையா’ என்று தொடங்க வேண்டியதில்லை. ‘வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறார், கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருமுகிறீர்களா அக்கா’ என்றால் பெரும்பாலானவர்கள் பதறிப்போய் முந்தானையை எடுத்துக்கொள்வார்கள். அப்படிச் சொன்ன பிறகும் உங்கள் முகத்துக்கு நேரே இருமுகிறவரைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் நான் மறுக்க மாட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 58. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. முகக்கவசம் அணிந்து பத்து நிமிடம் ஆனால் மூச்சு முட்டுவது போலாகும். 2021-இல் பேருந்தில் என்னைச் சுற்றி நின்று சிலர் கத்தியதை இன்னும் மறக்க முடியவில்லை. இப்போதும் மழைக்காலத்தில் காய்ச்சல் பரவினால் அதே பார்வை திரும்பி வருகிறது. என் நோயை ஊராருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2020 ஜூன் 15 முதல் பொதுப் போக்குவரத்தில் முகக்கவசம் கட்டாயமானபோது, 11 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், நோயாலோ உடற்குறையாலோ அணிய இயலாதவர்களுக்கும் விதிவிலக்கு அளித்தார்கள். அதற்கு மருத்துவச் சான்று காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. வெளியே தெரியாத உடற்குறை உள்ளவர்கள் விரும்பினால் கழுத்தில் அணிந்துகொள்ள, சூரியகாந்திப் பூக்கள் அச்சிட்ட பச்சை நிற நாடா ஒன்று அங்கே 2016-இல் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தது. அதை அணிந்தவரிடம் யாரும் ‘என்ன நோய்?’ என்று கேட்பதில்லை. நம் ஊரில் கேள்வி அங்கேதான் தொடங்கும்; என்ன நோய், எந்த டாக்டர், எவ்வளவு செலவு என்று மூன்று நிறுத்தங்களுக்கு விசாரணை நடக்கும். அதற்கு அஞ்சியே பலர் வசவை வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் இருக்கிறார்கள். உங்களைப் போலவே, எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் செவித்திறன் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேச ஒருவர் கவசத்தை இறக்கியிருக்கலாம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது திமிராகவே தெரியும்.

ஆனால் உங்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். கவசம் அணிய இயலாத உங்களுக்குத்தான் தொற்றினால் ஆபத்து அதிகம். உங்கள் நுரையீரல் மருத்துவரிடம், மெல்லிய அறுவைக் கவசத்தைக் குறைந்த நேரமாவது அணிய முடியுமா என்று கேளுங்கள். இன்ஃப்ளுயன்ஸா (ஃப்ளூ காய்ச்சல்), நிமோகாக்கல் (ஒருவகை நிமோனியாக் கிருமி) தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டீர்களா என்பதையும் அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அலுவலக நேர நெரிசலைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஒருவர் முறைத்தால், ‘மூச்சுக் கோளாறு இருக்கிறது’ என்ற மூன்று சொற்கள் போதும். நான்காவது சொல்லைச் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற நடத்துநர். கொரோனா காலத்தில் கவசம் இல்லாதவர்களைப் பேருந்தில் ஏற்றக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பயணிகளே ‘இறக்கி விடுய்யா’ என்று குரல் கொடுப்பார்கள். ஒரு மாலையில், கடைசிப் பேருந்து என்று தெரிந்தும் ஒரு கிழவரை ஏற்றாமல் விசில் கொடுத்துவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா?
– வாசகர், மதுரை

பதில்: ஐயா, விதியைப் பின்பற்றியதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளில் நூற்றுக்கணக்கானவர்களின் மூச்சுக்கு நடுவே நின்றவர் நீங்கள். எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கும் பழக்கத்தை ஒரே இரவில் விடச் சொன்னார்கள், வாயில் வைத்த விசிலோடு கவசமும் அணியச் சொன்னார்கள். பேருந்துக்குள் உட்கார்ந்துகொண்டு ‘இறக்கி விடு’ என்று கத்தியவர்களின் நிலைமை அப்படிப்பட்டதல்ல.

வங்கதேசத்தில் அந்தக் காலகட்டத்தில் ஏறத்தாழ 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரை உள்ளடக்கி ஓர் ஆய்வு நடந்தது. வீடு வீடாகக் கவசத்தை இலவசமாகக் கொடுத்து, ஏன் அணிய வேண்டும் என்று விளக்கி, சந்தையிலும் மசூதியிலும் நின்று அணியாதவர்களுக்கு நேரில் நினைவூட்டி, ஊர்ப் பெரியவர்களையும் அணியவைத்தபோது, சரியாக அணிபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். கைபேசிக் குறுஞ்செய்திகளும் ஊக்கப் பரிசுகளும் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. கையில் கவசத்தோடு எதிரில் நின்று சொன்னவருக்கே பலன் கிடைத்தது. உங்கள் தோள் பையில் பத்துக் கவசங்களைக் கொடுத்து அனுப்பியிருந்தால் அந்தக் கிழவர் ஏறியிருப்பார், நீங்களும் இத்தனை ஆண்டு கழித்து இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். தவறு விசில் கொடுத்த வாயில் இல்லை; கொடுக்க எதுவும் இல்லாமல் உங்களைப் படியில் நிறுத்தியவர்களிடம் இருக்கிறது.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. பேருந்தில் முகக்கவசம் அணிந்தால், ‘கொரோனா போயே போச்சு, இன்னும் என்ன நாடகம்?’ என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: காசநோயும் காற்றில்தான் பரவுகிறது; உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் நாட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் சிரித்தால், தூசிக்காகப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். நம் சாலைகளில் அதுவும் உண்மையான காரணம்தான்.