கைரேகைச் சட்டத்துக்கும் இனவெறிக்கும் என்ன தொடர்பு? பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் எண்ணம் ஏன் இன்னும் போகவில்லை?

நேரடித் தொடர்பு உண்டு. கைரேகைச் சட்டம் என்பது, சில சாதிகளையே குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர். குணம் ரத்தத்தில் வருகிறது என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா நம்பியது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் கருவி வைத்து மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிவாரியாகப் பதிந்தார். பிறப்பிலேயே குற்றவாளி என்ற முத்திரைக்கு இது அறிவியல் பூச்சு கொடுத்தது.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்கள் இதில் சிக்கினார்கள். வழக்கோ தீர்ப்போ தேவையில்லை, அந்தச் சாதியில் பிறந்த ஆண் என்றால் போதும். கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ கிடக்க வேண்டும். பதிய மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் நீங்கியது. ஆனால் மறுவருடமே, திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களைக் கண்காணிக்க என்று வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. சந்தேகப் பட்டியல் பழக்கம் தொடர்ந்தது.

எனக்கு இதைவிடக் கனமாகப் படுவது வேறொன்று. பிறப்பை வைத்துத் தரம் பிரிப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்ததல்ல, சாதியாக ஏற்கெனவே இருந்தது. யாருக்கு அதிகாரமும் நிலமும் என்பதை அது தீர்மானிப்பதால்தான் எளிதில் விடுபடுவதில்லை. அதே வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சித் தலைவர் பதவிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. ஆதிக்கச் சாதி எதிர்ப்பால் 2006 வரை அங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை.