கேளுங்கோ, சொல்லுறன்: பேணிக்குள்ள வந்த ஸ்டவுட்

கேள்வி: அண்ணை, கனடாவில இருந்து மச்சான் வந்தவர், சூட்கேசுக்குள்ள ஒரு பேணி கொண்டந்தவர். ஸ்டவுட் எண்ட கறுப்பு பியர் செய்யிற கிட்டாம், மூடிக்குக் கீழ ஈஸ்ட் பைக்கற்றும் இருக்குது. அங்க அவர் பேஸ்மென்டில வச்சு இதைத்தான் செய்து குடிக்கிறவராம். இன்னும் பத்து நாளில தங்கச்சின்ர கலியாணம், வாளியில கரைச்சு விட்டா அதுக்குள்ள சரிவருமோ? கள்ளெண்டா ஒரு நாளில புளிச்சுப்போகுதே.
வாசகர், பரந்தன்

பதில்: தம்பி, சட்டத்தை முதல்ல சொல்லிப்போட்டு மிச்சத்துக்கு வாறன். இங்க 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்குது, லைசன் இல்லாமல் வீட்டில மதுபானம் செய்யேலாது, அது கசிப்பெண்டாலும் சரி கனடாப் பேணியெண்டாலும் சரி. பிரிட்டனில 1963க்குப் பிறகு சொந்தப் பாவனைக்கு லைசன் தேவையில்லை, கனடாவிலயும் மச்சான் செய்யிறது பிழையில்லை. ஆனா பரந்தனில கலியாண வீட்டுக்கு வாளியில கரைச்சு வச்சு, அந்த நேரம் மதுவரிக்காரர் வந்து நிண்டா பொம்பிளைக்கு அப்பாவா நிக்கிறதோ பொலிசுக்குப் போறதோ எண்டு உங்கட ஐயா யோசிக்கவேண்டி வரும். செய்யாதேங்கோ.

சட்டத்தை விட்டாலும் பத்து நாளில நடக்காத காரியம். கள்ளைப் பாத்து கணக்குப் போட்டதுதான் பிழை. முட்டிக்குள்ள பாளைத்தண்ணி விழேக்கையே காத்தில இருக்கிற ஈஸ்டும் பக்டீரியாவும் வேலையத் தொடங்கிப்போடும், அதுதான் சுண்ணாம்பு பூசாட்டி காலமை இறக்கினது பின்னேரமே புளிக்குது, விட்டா வினாகிரி. ஸ்டவுட் அப்பிடியில்லை. பேணிக்குள்ள இருக்கிறது மோல்டை, அதாவது முளைக்க வச்சுக் காயவச்ச பார்லியைக் கரைச்சு தண்ணி வத்தக் காய்ச்சி எடுத்த பாணி, கித்துள் பாணி மாதிரியே தடிப்பா, கறுப்பா, கரண்டியில இருந்து விழ மாட்டன் எண்டு நிக்கும், ஹொப்ஸ் எண்ட பூவின்ர கசப்பும் அதுக்குள்ளயே இருக்கு. கறுப்பு நிறம் சாயமில்லை, வறுத்த பார்லியின்ர நிறம், கோப்பி வறுக்கிற மாதிரித்தான். வழக்கமான பேணி 1.7 கிலோ, அதோட ஒரு கிலோ சீனியும் போட்டு 23 லீற்றருக்குத் தண்ணி விட்டு, ஆறினாப்பிறகுதான் ஈஸ்டைத் தூவிறது, சுடத்தண்ணிக்குள்ள போட்டா ஈஸ்ட் செத்துப்போகும். வாளியில ஒரு கிழமை, பிறகு போத்தலில ஆகக் குறைஞ்சது ரெண்டு கிழமை, ஸ்டவுட்டெண்டா ரெண்டு மாதம் வச்சால்தான் உந்த முரட்டுத்தனம் அடங்கும்.

இன்னொண்டு, எங்கட வெக்கை. பள்ளிக்கூடப் புத்தகத்தில மதுவம் எண்டு படிச்ச அந்த ஈஸ்டுச் சீவனுக்கு 18இல இருந்து 22 பாகை வரைக்கும்தான் நல்ல குணம். கச்சான் காத்து வீசுற மாதங்களில எங்கட வீட்டுக்குள்ளயே 32, 33 பாகை நிக்கும், நொதிக்கேக்க வாளி தானாச் சூடேறி அதைவிட ரெண்டு மூண்டு பாகை கூடப் போகும், அப்ப வாறது பெயின்ற் தின்னர் மணமும் அடுத்த நாள் தலையிடியும். ஈரச் சாக்குச் சுத்தி காத்துப் பட வச்சா மண்பானைத் தண்ணி குளிருற மாதிரிக் கொஞ்சம் இறங்கும், ஆனா 20க்கு வராது. நோர்வேயின்ர மேற்குப் பக்கத்தில குவெய்க் எண்டு ஒரு பண்ணை ஈஸ்ட் இருக்குது, அது 35 பாகையிலயும் சந்தோசமா வேலை செய்யுமாம், குளிர்நாட்டில பிறந்து வன்னிக்கு ஏத்த குணம் அதுக்கு மட்டும் எப்பிடி வந்ததோ.

மச்சானுக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ, சீனி எவ்வளவு மிச்சமெண்டு பாக்கிற ஹைட்ரோமீட்டர் வாங்கச் சொல்லி. நான் லண்டனில இருக்கேக்க, முதல் வாளியில நாலாம் நாள் குமிழி வாறது நிண்டிட்டுது, கூட்டாளின்ர பேர்த்டே வருகுதெண்ட அவசரத்தில முடிஞ்சுதெண்டு நினைச்சு 30 போத்தலில அடைச்சு மாடிப்படிக்குக் கீழ அடுக்கிப்போட்டன். அஞ்சாறு நாள் கழிச்சு இரவு ரெண்டு மணிக்கு ஒரு வெடி, நாங்கள் ஆக்களெல்லாம் சத்தத்தைக் கேட்டு நிலத்தில படுத்தது பழைய பழக்கத்தில, பிறகு ஒவ்வொண்டா இன்னும் ஆறு வெடிச்சுது. கதவைத் திறந்தா சுவரெல்லாம் கறுப்பு நுரை, வறுத்த கோப்பியும் புளிச்ச பாணும் சேந்த மணம், மரக்கதவில ஒரு கண்ணாடித்துண்டு விரல்மொத்தத்துக்கு ஏறிக் குத்திக்கொண்டு நிக்குது. சீனி மிச்சம் இருந்திருக்கு, மூடின போத்தலுக்குள்ள ஈஸ்ட் அதைத் திண்டு காஸ் கிளப்பிப்போட்டுது, அவ்வளவுதான். வெறும் தண்ணியில 1.000 காட்டுற அந்தக் கருவி தொடங்கேக்க 1.040 அளவு காட்டும், முடியேக்க 1.010 கிட்ட வரும், அடுத்தடுத்து ரெண்டு நாள் பாத்து இலக்கம் அசையாட்டித்தான் போத்தல், அதுவும் நுரைக்கெண்டு போத்தலில போடுற சீனி லீற்றருக்கு 8 கிராமுக்கு மேல போகாமல்.

இவ்வளவு பாடுபட்டும் வாறது 4 வீதத்துச் சாமான், எங்கட கடைகளில விக்கிற லயன் ஸ்டவுட் 8 வீதத்துக்கு மேல. கலியாண வீட்டில பெரிசுகள் ஒரு வாய் குடிச்சுப்போட்டு "இதென்ன தம்பி கருப்பட்டித் தண்ணியே" எண்டு கேப்பினம். பேணியைத் திரும்பக் குடுத்து விடுங்கோ, அதுக்கு முதல் பிறிஜ்ஜுக்குள்ள வையுங்கோ, சூட்டில மூடிக்குக் கீழ இருக்கிற ஈஸ்ட்தான் முதல்ல போகும். பாணுக்கோ கேக்குக்கோ போடலாமெண்டு அம்மா கேட்டா வேண்டாமெண்டு சொல்லுங்கோ, ஹொப்ஸ் கலந்தது, கைக்கும்.

கேள்வி: மகளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். ஸ்டவுட் குடிச்சா ரத்தம் ஊறும், பால் சுரக்கும் எண்டு மாமியார் சொல்லுறா. குடுக்கலாமோ?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: குடுக்காதேங்கோ அக்கா. மாமியார் பொய் சொல்லேல்லை, அவவின்ர காலத்துக் கதை அது. 1929இல தொடங்கின, கின்னஸ் எண்ட ஐரிஷ் ஸ்டவுட்டின்ர விளம்பரமே உடம்புக்கு நல்லது எண்டுதான் சொன்னது, ஒரு காலத்தில பிரிட்டனிலயும் அயர்லாந்திலயும் பிள்ளை பெத்தவைக்கும் குடுத்தவை. கறுப்பா இருந்தா இரும்பு இருக்குமெண்டு நாங்கள் நினைக்கிறம், ஒரு பைன்ட்டில, அதாவது அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூட, 0.3 மில்லிகிராம் கிட்டத்தான். மதுசாரம் தாய்ப்பாலுக்குள்ள அப்பிடியே போகும், பால் இறங்கிறதையும் குறைக்கும். முருங்கையிலை வறை, சின்ன மீன், மருத்துவமாது தந்த இரும்புக்குளிசை, இதுகளைப் பாருங்கோ.

கேள்வி: லண்டனில மகன் இதே கிட்டில செய்யிறவன். அங்கத்தைய தண்ணி எங்கட கிணத்துத் தண்ணி மாதிரியே கேத்திலில வெள்ளையாப் படியுதாம், அதாலதான் ருசி பிழைக்குதோ எண்டு கேக்கிறான்.
வாசகர், முள்ளியவளை

பதில்: கல்லுத்தண்ணி ஸ்டவுட்டுக்கு எதிரியில்லை ஐயா. வறுத்த பார்லி கொஞ்சம் புளிப்பு, கல்லுத்தண்ணி அதைச் சமப்படுத்தும், டப்ளினிலயும் லண்டனிலயும் கறுப்பு பியர் வளந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். கிட்டெண்டா பார்லி ஊறவைக்கிற வேலை பக்ரறியிலயே முடிஞ்சுது, அதால அது பெரிய விசயமுமில்லை. ருசி எப்பிடிப் பிழைக்குதெண்டு கேளுங்கோ, டெட்டோல் மணமெண்டா பைப்தண்ணி குளோரின், குளோரினை முறிக்கிற கம்டன் குளிசை 23 லீற்றருக்கு அரை போதும். புளிக்குதெண்டா வாளி கழுவினது காணாது.