பசலைக்கீரையில் வந்த மாட்டுக் கிருமி

கேள்வி: அமெரிக்காவில் 2006-ல் பாக்கெட் பசலைக்கீரையைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களில் சிலர் இறந்துபோனார்கள், மாட்டுச் சாணத்தில் இருக்கும் கிருமிதான் காரணம் என்று படித்தேன். எங்கள் வீட்டிலும் இரண்டு கறவை மாடுகள். நன்றாக மேய்கின்றன, நன்றாகக் கறக்கின்றன. மாட்டை ஒன்றும் செய்யாத கிருமி ஆளைக் கொல்லுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: கொல்லும். அதற்காக இன்றைக்கே மாட்டைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிடாதீர்கள் அம்மா.

அந்தக் கிருமி ஈ.கோலை. உங்கள் குடலிலும் என் குடலிலும்கூட இருக்கிறது, பெரும்பாலும் சாது. ஓ157 என்ற வகை மட்டும் பொல்லாதது. 1982-ல் ஹாம்பர்கர் சாப்பிட்ட அமெரிக்கர்களுக்கு ரத்தபேதி கண்டபோதுதான் அதன் குணம் தெரியவந்தது. அது விடும் நஞ்சுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் பற்றிக்கொள்ள ஒரு பிடி வேண்டும். மாட்டின் குடல் ரத்தக்குழாய்களில் அந்தப் பிடி இல்லை. நம் சிறுநீரகத்தில் தாராளமாக இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நஞ்சுக்கான மரபணு பாக்டீரியாவின் பரம்பரைச் சொத்தே இல்லை. அதற்குள் புகுந்து குடியிருக்கும் ஒரு வைரஸ் கொண்டுவந்தது. அதனால் ஓ157 எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. மாடுகளில் சாதாரணமாகக் காணப்படும் சில கிளைகள் நோயாளிகளிடம் அரிதாகத்தான் வருகின்றன என்று 1999-லேயே ஓர் ஆய்வு காட்டியது. நீங்கள் படித்த கீரை விவகாரம் மோசமான கிளை. சுமார் 200 பேருக்கு நோய், அவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரியில், 3 பேர் மரணம். நோயாளியிடம் எடுத்த கிருமி, கீரை பாக்கெட்டில் இருந்தது, கலிபோர்னியாவில் வயலுக்குப் பக்கத்துப் பண்ணையின் சாணத்தில் இருந்தது, அங்கே திரிந்த காட்டுப்பன்றியின் கழிவில் இருந்தது எல்லாவற்றிலும் டி.என்.ஏ. பட்டைகள், அதாவது கிருமியின் கைரேகை மாதிரியான அடையாளம், ஒத்துப்போயின.

ஆய்வகத்தில் சார்பிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரை சேர்த்த தட்டில் இதை வளர்த்துப் பார்த்திருக்கிறேன். சாதா ஈ.கோலை எல்லாம் இளஞ்சிவப்பாக முளைக்கும். நடுவில் வெளிறிப்போய் நிற்பதுதான் ஓ157. சுலபம் என்று நினைப்போம். ஆனால் 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தோடு வந்து 50 பேருக்கு மேல் பலிகொண்ட ஓ104 வகை அந்தத் தட்டில் சாதாக் கிருமி மாதிரியே சிவப்பாக முளைக்கும். அதற்கும் மாட்டுக்கும் தொடர்பே இல்லை. அதே மாதிரி நஞ்சு வைரஸை மட்டும் எங்கிருந்தோ வாங்கிக்கொண்ட மனிதக் குடல் கிருமி அது!

சரி, உங்கள் வீட்டு விஷயம். பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். சாணக்குழி கிணற்றை ஒட்டி இருந்தால் தள்ளி வையுங்கள். பச்சையாகத் தின்னும் இலைகளுக்குப் புதுச் சாணம் போடாதீர்கள். அப்புறம், குழந்தைக்கு ரத்தம் கலந்து பேதியானால் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிக் கொடுக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள். சில ஆன்டிபயாடிக்குகள் கிருமிக்குள் தூங்கும் அந்த வைரஸை உசுப்பிவிட்டு நஞ்சைக் கூட்டிவிடும்.