எண்ணின் பிறப்பிடத்தைப் பாருங்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு நான்தான் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். தசமம் முடிந்துவிட்டாலோ, ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தாலோ விகிதமுறு எண். இல்லையென்றால் விகிதமுறா எண் என்று சொல்லியிருந்தேன். அவள் கால்குலேட்டரில் 1/17 போட்டுப் பார்த்துவிட்டு, "0.0588235294 என்று வருகிறது, எதுவுமே திரும்பி வரவில்லையே, அப்போ இது விகிதமுறா எண்தானே?" என்கிறாள். போதாக்குறைக்கு, "பை என்றாலே 22/7தானே, அது மட்டும் எப்படி விகிதமுறா எண்?" என்றும் கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?

பதில்: நீங்கள் சொல்லிக் கொடுத்த விதி சரியானதுதான். அதைக் கால்குலேட்டர் திரையில் வைத்துச் சோதித்துப் பார்த்ததால்தான் குழப்பம். திரையில் பத்து இலக்கம் தெரிகிறது என்பதற்காக எண் அங்கேயே நின்றுவிடுவதில்லை. 1/17-ன் தசமம் 0.0588235294117647 வரை போய், அதாவது பதினாறு இலக்கம் கடந்த பிறகுதான் மறுபடி 0588 என்று தொடங்கும். உங்கள் மகள் அதில் பத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

திரை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். மடக்கைப் பாடத்தில் e என்று வரும் ஆய்லர் எண்ணைப் போட்டால் 2.718281828 என்று காட்டும். 1828, 1828 என்று இரண்டு முறை வந்துவிட்டதே, சுழல் தசமம்தான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அடுத்து வருவது 459045. அந்த எண் விகிதமுறா எண் என்று 1737-லேயே ஆய்லர் நிறுவிவிட்டார்.

அதனால் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எண் எப்படிப் பிறந்தது என்று பார்க்கப் பழக்குங்கள். ஒரு முழு எண்ணைப் பூஜ்ஜியமல்லாத இன்னொரு முழு எண்ணால் வகுத்து வந்ததா? அப்படியென்றால் விகிதமுறு எண். தசமத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை.

"ஆனால் கட்டாயம் திரும்பி வரும் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். கேட்க வேண்டும். அப்போது கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டு 1-ஐ 7-ஆல் தாளில் வகுக்கச் சொல்லுங்கள். பத்தில் ஏழு ஒரு முறை, மீதி 3. முப்பதில் நான்கு முறை, மீதி 2. இருபதில் இரண்டு, மீதி 6. அறுபதில் எட்டு, மீதி 4. நாற்பதில் ஐந்து, மீதி 5. ஐம்பதில் ஏழு, மீதி 1. ஆரம்பித்ததே 1-ல்தான், இப்போது மறுபடி அங்கேயே வந்தாயிற்று. இனி அதே 142857 மட்டும்தான் வர முடியும். மீதிகளை ஓரமாக எழுதி வைத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள், காரணம் அவளுக்கே பிடிபடும். ஏழால் வகுக்கும்போது மீதி 1 முதல் 6 வரைதான் இருக்க முடியும். அதற்குள் ஒன்று மறுபடி வந்தே தீரும், அல்லது மீதி பூஜ்ஜியமாகித் தசமம் முடிந்துவிடும். 17-க்கும் இதே கதைதான், மீதிகள் பதினாறு.

அடுத்து வர்க்கமூலங்கள். பரீட்சையில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முழு எண் என்றால் அது முழு வர்க்கமா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் வர்க்கமூலம் விகிதமுறா எண். √2-ஐ எடுத்துக்கொள்வோம். அது ஒரு பின்னம் என்றால், தொகுதியின் வர்க்கம் பகுதியின் வர்க்கத்தைப் போல் இரு மடங்காக இருக்க வேண்டும். எந்த முழு எண்ணின் வர்க்கத்தைப் பகாக் காரணிகளாகப் பிரித்தாலும் அதில் 2 இரட்டைப்படையாகத்தான் வரும், ஒன்றுமே வராமலும் இருக்கலாம். இரு மடங்காக்கினால் கூடுதலாக ஒரு 2 சேர்ந்து ஒற்றைப்படையாகிவிடும். ஒரு பக்கம் இரட்டை, மறுபக்கம் ஒற்றை. இரண்டும் சமமாக வழியே இல்லை.

தசமத்துக்கு வர்க்கமூலம் என்றால் முதலில் பின்னமாக்கிச் சுருக்கிவிடச் சொல்லுங்கள். √0.04 என்பது √(1/25), அதாவது 1/5. √0.4 என்பதோ √(2/5). இரண்டும் ஐந்தும் முழு வர்க்கம் இல்லை, எனவே விகிதமுறா எண். ஒரு பூஜ்ஜியத்தில் விடை தலைகீழாகிவிடுகிறது. வர்க்கமூலக் குறியைக் கண்டதுமே முடிவு கட்டுவதும் ஆபத்து: √12-ஐ √3-ஆல் வகுத்தால் விடை வெறும் 2.

சரி, பை-க்கு வருவோம். 22/7 என்பது பை அல்ல, பை-க்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பின்னம். 22/7 = 3.142857..., பை = 3.141592... மூன்றாம் தசம இடத்திலேயே பிரிந்துவிடுகின்றன. 355/113 இன்னும் நெருக்கமானது, ஆறு தசம இடம் வரை ஒத்துப்போகும். ஆரியபட்டரும் 62832/20000, அதாவது 3.1416 என்ற மதிப்பைத் தந்தபோது அது 'நெருங்கிய' மதிப்பு என்றே குறிப்பிட்டார். நம் பாடங்களிலும் 'தோராயமாக' என்ற அந்த ஒரு சொல்லை விடாமல் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

"சுற்றளவை விட்டத்தால் வகுத்தால்தானே பை, அதுவும் பின்னம்தானே?" என்று அவள் அடுத்து கேட்கக்கூடும். வகுப்பது உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் முழு எண்ணாக அமையாது. விட்டம் சரியாக 7 என்றால் சுற்றளவு 22-க்குக் கொஞ்சம் குறைவாக, 21.99 என்று போகும். எந்த வட்டத்தை வரைந்தாலும் இப்படித்தான் என்று லாம்பெர்ட் என்ற கணித அறிஞர் 1760-களில் நிறுவினார்.

ஆர்வமுள்ள பிள்ளையாகத் தெரிவதால் இதையும் சொல்லி வையுங்கள். பை விகிதமுறா எண், ஆய்லர் எண்ணும் விகிதமுறா எண். இரண்டையும் கூட்டினால் வருவது எந்த வகை என்று இன்றுவரை யாராலும் நிறுவ முடியவில்லை.