எஃப்.சி. இருந்தால் போதுமா?

கேள்வி: என் மகள் போகும் பள்ளி வேன் சி.என்.ஜி.யில் (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) ஓடுகிறது. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்னும் அரசுச் சான்று) இருக்கிறது என்கிறார் ஓட்டுநர். காசு கொடுத்தால் வண்டியைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார்களாமே, எப்படி நம்புவது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கில், வாயு அடைத்திருக்கும், அதனால் 3 ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்பது விதி. எஃப்.சி.யோடு அந்தச் சோதனைச் சான்றிதழையும் கேளுங்கள். அப்புறம் அதிலுள்ள எண்ணும் சிலிண்டரில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் தெரு ஆட்டோ ஒன்றில் பார்த்தேன், காகிதம் புத்தம் புதிது, சிலிண்டரோ வேறு, அடியில் துரு! எண் மாறியிருந்தால் மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், அதுவரை மகளை அதில் ஏற்றாதீர்கள்.