அமைதிப்படையில் இருந்த அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது?

வணக்கம் மேடம்,

அப்பா மதராஸ் ரெஜிமெண்ட்டில் ஹவில்தாராக இருந்தவர். போன ஆடியில் காலமானார். முதல் வருடத் திதிக்கு நினைவு மலர் போடுகிறோம், அப்பாவின் வாழ்க்கையை நான்தான் எழுத வேண்டும் என்கிறான் தம்பி. வெலிங்டன் பயிற்சி, காஷ்மீர் பனி எல்லாம் அவரே சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதைகள். 1987-ல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனதைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. மற்ற பதக்கங்கள் சுவரில் தொங்குகின்றன. ஸ்ரீலங்கா பட்டை போட்டது மட்டும் டிரங்குப் பெட்டியின் அடியில், துணி சுற்றிக் கிடந்தது. தீபாவளியன்று வெடிச் சத்தம் கேட்டதும் பம்புசெட் ரூமுக்குப் போய்விடுவார், ராத்திரிதான் வருவார்.

ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர் ஒருவர், "நம்ம சனத்தையே சுடப் போனவர்தானே" என்றார். அப்பா பதிலே சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்த அவருடைய பழைய தோழர், "செக்போஸ்ட்ல சனங்ககிட்ட பேச உங்கப்பாவைத்தான் நிறுத்துவாங்கம்மா" என்றார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எதுவும் தெரியாமல் 'மாவீரர்' என்று எழுதக் கை வரவில்லை. அந்த வருடங்களை விட்டுவிடவும் மனமில்லை.

— ஒரு மகள், வேலூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா போன துக்கத்தோடு, அவரை முழுசாகத் தெரிந்துகொள்ளவில்லையே என்ற துக்கமும் சேர்ந்திருக்கிறது. அதை யாரிடம் சொல்லி அழுவது?

1987 தீபாவளி, விடுதலைப் புலிகளிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிக்க அமைதிப்படை நடத்திய சண்டையின் நடுவில் வந்தது. பொதுமக்களும் ஏராளமாகச் செத்தார்கள். அப்பா தனியாகப் போனது அதனால்தானா என்று நம்மால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று: தமிழ் தெரியாத சிப்பாய்க்கு அந்தச் சனங்களின் அழுகை மட்டும்தான் கேட்டிருக்கும். உங்கள் அப்பாவுக்கு அவர்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்திருக்கும்.

அமைதிப்படை சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்தது. 1990 மார்ச்சில் அதன் கடைசிப் பிரிவு சென்னை வந்தபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தில் செத்தவர்களை நினைத்தால் அன்றைக்கு இங்கே இருந்த கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா மாதிரியானவர்களுக்கு மனசைத் திறக்க ஊரில் ஒரு திண்ணைகூட இல்லாமல் போனது.

மலரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தார், அதைப் பற்றி எங்களிடம் பேசியதில்லை, தீபாவளி இரவுகளில் தனியாக இருந்தார். தீர்ப்பு எழுதும் பொறுப்பு மகளுக்கு இல்லை. அவர் துணி சுற்றி வைத்த பதக்கத்தின் படத்தைப் போட வேண்டாம் என்பது என் எண்ணம். தம்பியிடமும் பேசிவிடுங்கள்.

அந்தத் தோழரை நேரில் போய்ப் பாருங்கள். சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே அப்பா என்ன சாப்பிட்டார், வீட்டுக் கடிதம் வந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். மீதியை அவராகச் சொன்னால் சரி. தாங்கவில்லை என்றால் "போதும் மாமா" என்று எழுந்துவிடலாம், தப்பில்லை. அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவரிடம் அந்தக் காலத்து இன்லேண்ட் கடிதங்கள் இருக்கலாம். அப்பாவின் பணி விவரங்கள் வேண்டுமென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அப்புறம், உங்கள் தூக்கம். இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.